அணை ஸ்டேட்டஸும் ஆடிட்டர் மேடத்தின் போனும்

வாசகர் கடிதம்:

கம்பத்தில் ஜிஎஸ்டி, வருமான வரிக் கணக்கு பார்க்கும் சிறிய அலுவலகம் வைத்திருக்கிறேன். ஒரு ஆடிட்டரிடம் வேலை பழகி, பிறகு ஜிஎஸ்டி பிராக்டிஷனராகப் பதிந்து தனியாக வந்தவள். கிளையண்டுகளில் பாதிப் பேர் மலைக்கு மேலே, கேரளப் பக்கம் இருக்கிறவர்கள். குமுளி, அணக்கரை, வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கத்து ஏலக்காய் வியாபாரிகள், கடைக்காரர்கள். எல்லோரும் என் சொந்த ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் இருக்கிறார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு நோட்டீஸை போட்டோ எடுத்து அனுப்புகிறார்கள். பிள்ளையோடு சுருளி அருவிக்குப் போன படத்தைப் போட்டால் அதன் கீழேயே ‘மேடம், என் ரீஃபண்ட் என்னாச்சு’ என்று ஒருவர் கேட்கிறார். இந்த வருஷம் நஷ்டம் என்று சொன்னவர், புது காருக்கு மாலை போட்டு நிற்கிறார். என் டிபியைப் பார்த்துத் தினமும் ஏதாவது எழுதுகிறவரும் உண்டு. இதெல்லாம் போகட்டும். போன மழைக்காலத்தில் முல்லைப் பெரியாறு அணை பற்றி யாரோ செய்த ரீல் ஒன்றை ஸ்டேட்டஸில் வைத்தேன். பல வருஷமாக என்னிடம் கணக்குக் கொடுத்த வண்டன்மேட்டு வியாபாரி அன்றிலிருந்து பேசுவதில்லை. அவர் தம்பி மட்டும் ஒரு வரி அனுப்பினார்: ‘சேச்சி, ஞங்ஙளும் மனுஷ்யரல்லே?’ (அக்கா, நாங்களும் மனிதர்கள்தானே?) எல்லாரையும் பிளாக் செய்துவிடலாமா, அக்கவுண்டையே மூடலாமா என்று இருக்கிறது. ‘தொழில் நடக்குறதே இதுலதான், மூடிட்டு என்ன பண்ணுவ?’ என்கிறார் வீட்டுக்காரர்.

(பெயர் வேண்டாம், கம்பம்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி. அக்கவுண்டை மூட வேண்டாம், யாரையும் கூட்டமாக பிளாக் செய்யவும் வேண்டாம். தேனியில் நானும் இதே தொழிலில்தான் இருக்கிறேன். உங்கள் கடிதத்தில் வருகிற ஆட்களில் பாதிப் பேர் வேறு பெயரில் என் அலுவலகத்துக்கும் வந்துபோகிறவர்கள்.

‘கிளையண்டைச் சொந்தக் கணக்கில் சேர்க்காதே’ என்று பெருநகரத்து ஆலோசகர்கள் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அங்கே அது நடக்கும். கம்பத்தில் உங்களிடம் ஜிஎஸ்டி பார்க்கிற மளிகைக்கடைக்காரர் உங்கள் சித்தப்பாவுக்குச் சம்பந்தியாக இருப்பார். அவர் பேத்தியும் உங்கள் பிள்ளையும் ஒரே வேனில் பள்ளிக்கூடம் போவார்கள். அவருடைய ஃப்ரெண்ட் ரிக்வெஸ்டை மூன்று மாதம் தொங்கவிட்டால் அது ஏதாவது கல்யாணப் பந்தியில் பேச்சாக வந்து நிற்கும். ஆளைப் பிரிப்பது நம் ஊரில் நடக்காது. எந்தப் பேச்சு எங்கே நடக்கும் என்பதைத்தான் நாம் பிரிக்க முடியும். கீழே நான் சொல்வதெல்லாம் அதைச் சுற்றித்தான்.

நீங்கள் கடைசியில் எழுதியதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று தெரிவதால்.

அணையைப் பற்றிப் பேசவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஜனவரி 15 வந்தால் லோயர் கேம்ப் மணிமண்டபத்தில் மாலை விழும், பள்ளத்தாக்கு முழுக்கப் பொங்கலோடு பொங்கலாக, அணையைக் கட்டிய பென்னிகுவிக் பிறந்தநாளும் நடக்கும். அன்று அவர் படத்தை ஸ்டேட்டஸில் வைத்தால் வண்டன்மேட்டில் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. 1895இல் திறந்த அணை. அந்தத் தண்ணீரில்தான் நம் வயல் விளைகிறது என்பது மேலே இருப்பவர்களுக்கும் தெரியும். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று சொன்னதைப் பகிர்ந்தால்கூட, ‘மேடம் தமிழ்நாட்டுக்காரர், அப்படித்தான் பேசுவார்’ என்று போய்விடுவார்கள்.

நீங்கள் வைத்த ரீலில் என்ன இருந்தது என்று கடிதத்தில் எழுதவில்லை. ஆனால் நீர்மட்டம் ஏறுகிற ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் சுற்றுகிற சரக்கு என் போனுக்கும் வருகிறது. பெரும்பாலும் ஒரே வகை. அணை உடைந்துவிடுமோ என்று கேரளத்தில் யாராவது பயந்து பேசுகிற துண்டு வீடியோ, அதன் மேல் நம் ஆள் ஒருவரின் சினிமா நகைச்சுவை வசனம், கடைசியில் சிரிப்புச் சத்தம். அந்தப் பக்கத்திலிருந்து நம்மைத் தண்ணீர்த் திருடர் என்று திட்டுகிற சரக்கும் வருகிறது என்பது உண்மை. ஆனால் உங்கள் வியாபாரி அதை உங்களுக்கு அனுப்பவில்லையே.

வண்டன்மேடு அணைக்குக் கீழே இல்லை. ஏல மலையின் மேலே இருக்கிற ஊர். அவருக்கு என்ன பயம் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். அவர் பெண் கொடுத்த வீடோ எடுத்த வீடோ அணைக்குக் கீழே ஆற்றோரத்தில், வண்டிப்பெரியாறிலோ உப்புதறையிலோ சப்பாத்திலோ இருக்கலாம். மழை வலுத்தால் அந்த வீடுகளில் ராத்திரி யாராவது ஒருவர் விழித்துக்கொண்டிருப்பார். அணை பலமாக இருக்கிறதா இல்லையா என்று நிபுணர் குழு சொல்வது ஒரு விஷயம், ஆற்றோரத்தில் படுத்திருப்பவரின் மனசு வேறு விஷயம். இன்னொன்றையும் நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். வண்டிப்பெரியாறு எஸ்டேட் லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருப்பவர்களில் நிறையப் பேர் தமிழர்கள். அந்தச் சிரிப்பு அவர்கள் மேலும்தான் விழுகிறது.

2011 நவம்பர், டிசம்பரில் உங்களுக்கு என்ன வயது என்று தெரியவில்லை. அணைப் பிரச்சினையில் குமுளி வழி அடைபட்டு, ஏலத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போன நம் ஆட்கள் மலையிலிருந்து நடந்தே இறங்கி வந்தார்கள். இந்தப் பக்கம் மலையாளிகளின் கடைகள் அடிவாங்கின. போடியில் ஏலக்காய் எடுக்கிறவர்களும் கேரளப் பக்கம் புற்றடியில் ஏலம் கூப்பிடுகிறவர்களும் ஒருவரை ஒருவர் நம்பித்தான் பிழைக்கிறார்கள் என்பது அப்போது இரண்டு பக்கமும் உறைத்தது. அதைப் பார்த்த வயதுக்காரருக்கு அணையை வைத்து வருகிற கேலி வெறும் கேலி இல்லை. உங்கள் வியாபாரி அந்த வயதுக்காரராக இருப்பார் என்று ஊகிக்கிறேன்.

என்ன செய்யலாம்? ஸ்டேட்டஸில் விளக்கம் எழுதாதீர்கள். ‘யார் மனதையும் புண்படுத்தும் நோக்கமில்லை’ என்று பொதுவாக எழுதினால், ரீலைப் பார்க்காத நூறு பேரும் என்ன ரீல் என்று தேடுவார்கள், புண்பட்ட ஒருவருக்கு அது போய்ச் சேராது. போன் செய்யுங்கள். முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பம் மெட்டு வழியாக ஏறி நேரில் போய்விடுங்கள். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: ‘அந்த வீடியோவை நான் வைத்திருக்கக் கூடாது. அணை விஷயத்தில் நானும் நீங்களும் வேறு வேறாக நினைக்கலாம். உங்க ஆட்களோட பயத்தைச் சிரிப்பாக்குறது சரியில்லை, அதை நான் செஞ்சுட்டேன்.’ ‘உங்க மனசு கஷ்டப்பட்டிருந்தா’ என்று ஆரம்பிக்காதீர்கள். கஷ்டப்பட்டதால்தானே பேசாமல் இருக்கிறார். ‘யாரோ செய்த வீடியோ, நான் பகிர்ந்தது மட்டும்தான்’ என்றும் இழுக்க வேண்டாம். அந்தப் பேச்சில் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் வரக் கூடாது. வந்தால் வேலை போய்விடுமே என்று வந்திருக்கிறாள் என்றுதான் தோன்றும். தம்பிக்கும் பதில் கொடுங்கள். சேச்சி என்று கூப்பிட்டுக் கேட்டவனுக்கு இத்தனை நாள் பதில் போகாமல் இருப்பது அந்த ரீலைவிட மோசம்.

அவர் திரும்பி வராமலும் போகலாம். அப்படியானால் அவருடைய ஃபைல்களை முழுசாக ஒப்படைத்துவிடுங்கள், அவர் கேட்பதற்கு முன்னாலேயே. ஜிஎஸ்டி போர்ட்டலில் அவருக்கு வர வேண்டிய ஓடிபி உங்கள் நம்பருக்கோ மெயிலுக்கோ வருகிற மாதிரி வைத்திருந்தால் (நம் தொழிலில் பாதிப் பேர் அப்படித்தான் வைத்திருக்கிறோம், நல்ல பழக்கமில்லை) அதை அவர் நம்பருக்கு மாற்றிக் கொடுங்கள். ஃபேஸ்புக்கில் அவரை நீங்களாக நீக்காதீர்கள்.

‘கேரளக் கிளையண்டுகளுக்கு மட்டும் ஸ்டேட்டஸ் தெரியாத மாதிரி வைத்துக்கொள்’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள். வாட்ஸ்அப்பில் அந்த வசதி இருக்கிறது, இன்னார் தவிர மற்றவர்களுக்கு என்று தேர்வு செய்யலாம். இந்த விஷயத்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் தமிழ்க் கிளையண்டும் அந்த மலையாளிக் கிளையண்டும் ஒரே ஏலக்காய் ஏலத்தில் உட்கார்கிறவர்கள். ஸ்கிரீன்ஷாட் மாலைக்குள் மேலே போய்விடும். அப்போது ரீலோடு சேர்த்து, அவர்களிடமிருந்து மறைத்தீர்கள் என்பதும் தெரிந்துவிடும். அவர் உங்கள் மேசைக்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கும்போது வாயால் சொல்லக்கூடிய கருத்து என்றால் உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். அடுத்தவர் செய்த வீடியோவை மட்டும் தள்ளிவிடாதீர்கள், அதில் எந்த வார்த்தையும் உங்களுடையது இல்லை, கெட்ட பெயர் மட்டும் உங்களுக்கு.

சரி, சுருளி அருவிப் படத்துக்கு வருவோம்.

‘என் ரீஃபண்ட் என்னாச்சு’ என்று படத்தின் கீழே கேட்டவருக்கு நீங்கள் என்ன பதில் எழுதினீர்கள்? ‘இன்னும் ரெண்டு வாரத்துல வந்துரும் அண்ணே’ என்று எழுதியிருந்தால் அதை இன்றே அழித்துவிடுங்கள். அவருக்குப் பணம் வரப் போகிறது என்பதைக் கடன் கொடுத்தவர், பங்காளி, எதிர்க்கடைக்காரர் எல்லோரும் படித்துவிட்டார்கள். அவரே கேட்டார் என்பது நமக்குச் சாக்கு ஆகாது. சிஏ படித்தவர்களுக்கு 1949ஆம் வருடச் சட்டத்திலேயே இது எழுதியிருக்கிறது: வேலையில் தெரிந்துகொண்ட விஷயத்தைக் கிளையண்டின் சம்மதமில்லாமல் வெளியே சொன்னால் அது தொழில் ஒழுங்கீனம். ஜிஎஸ்டி பிராக்டிஷனர் அந்தச் சட்டத்துக்குள் வர மாட்டார்தான், ஆனால் தவறான நடத்தைக்காகப் பதிவையே எடுக்க ஜிஎஸ்டி விதி 83 இடம் கொடுக்கிறது. விதியை விடுங்கள், உங்களிடம் கணக்குக் கொடுக்கிறவர் ஊருக்குத் தெரியாது என்ற ஒரே நம்பிக்கையில்தான் கொடுக்கிறார்.

அந்த மாதிரி கமெண்ட் வந்தால் அங்கே எதுவும் எழுதாமல் அழித்துவிட்டு, உடனே அவருக்கு போன் போடுங்கள். ஃபேஸ்புக்கில் ‘ஹைடு’ என்று ஒன்று இருக்கிறது, அதை நம்ப வேண்டாம். மறைத்த கமெண்ட் எழுதினவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் தெரிந்துகொண்டேதான் இருக்கும். அவருடைய நண்பர்கள்தானே நம் பிரச்சினையே. டெலீட்தான் சரி. ‘அண்ணே, பொதுவுல உங்க கணக்கைப் பத்திப் பேசுனா உங்களுக்குத்தான் தொந்தரவு’ என்று ஒரு முறை சொன்னால் போதும், அடுத்த முறை அவரே இன்னொருவரைத் திருத்துவார்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. மாதக் கடைசியில் சிலர் ‘இன்றைய வேலை இனிதே முடிந்தது’ என்று கம்ப்யூட்டர் திரையைப் படம் எடுத்துப் போடுகிறார்கள். கிளையண்ட் பெயரை மறைத்துவிட்டோம் என்று நினைப்பு. மூலையில் ஜிஎஸ்டி எண் தெரியும். அந்த 15 எழுத்தில் முதல் இரண்டும் மாநிலம், கேரளத்துக்கு 32, நமக்கு 33. அடுத்த பத்தும் அப்படியே பான் எண். தனி ஆள் நடத்துகிற கடை என்றால் அது அவருடைய சொந்த பான். ஜிஎஸ்டி எண் கடைப் பலகையிலேயே இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் விற்றுமுதலும் கட்ட வேண்டிய வரியும் பலகையில் இல்லை, உங்கள் படத்தில் இருக்கிறது.

அப்புறம் பிறந்தநாள் வாழ்த்து. கிளையண்டின் பிறந்த தேதி நமக்கு பான் கார்டிலிருந்து தெரியும், அந்தத் தேதி வந்ததும் அவர் பக்கத்தில் கேக் படம் போட்டு வாழ்த்துகிறோம். நம் ஊர்ப் பெரியவர்களுக்கு அது பள்ளிக்கூடத்தில் வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்ட தேதி, அவர்களே மறந்திருப்பார்கள். சிரிப்பு ஒரு பக்கம். வருமான வரித் துறையிலிருந்து இறக்குகிற ஏஐஎஸ் (வருடாந்திரத் தகவல் அறிக்கை), ஐடிஆர்-வி (ரிட்டர்ன் ஒப்புகை) பிடிஎஃப்களுக்குக் கடவுச்சொல் என்ன? சின்ன எழுத்தில் பான், அதன் பின்னால் பிறந்த தேதி. கடைப் பலகையில் ஒரு பாதி, உங்கள் வாழ்த்தில் இன்னொரு பாதி. அந்த பிடிஎஃப் வாட்ஸ்அப்பில் எத்தனை கை மாறியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வாழ்த்தை போனில் சொல்லிவிடுங்கள், அதில் சந்தோஷமும் அதிகம்.

இனி ராத்திரி பதினொரு மணி. இதற்கு எல்லோரும் சொல்கிற வழி, தொழிலுக்குத் தனியாகப் புது நம்பர் வாங்கு என்பது. வாங்கின பலரைப் பார்த்திருக்கிறேன். புது நம்பரை விசிட்டிங் கார்டில் அச்சடித்துக் கொடுப்பார்கள், கிளையண்டுகள் பழைய நம்பரிலேயே அனுப்பிக்கொண்டிருப்பார்கள். ஆறு மாதத்தில் இரண்டு நம்பரிலும் கிளையண்ட், இரண்டிலும் நிம்மதி இல்லை. தலைகீழாகச் செய்யுங்கள். பழைய நம்பர் தொழிலுக்கே இருக்கட்டும், அது ஏற்கெனவே குமுளி முதல் நெடுங்கண்டம் வரை எல்லார் போனிலும் பதிந்திருக்கிறது. வீட்டுக்கும் சொந்தபந்தத்துக்கும் புது நம்பர் வாங்குங்கள். அம்மாவுக்கும் நாத்தனாருக்கும் நம்பர் மாற்றிச் சொல்வது ஒரு சாயங்கால வேலை, முந்நூறு வியாபாரிகளை மாற்ற ஆயுசு போதாது. சொந்தக்காரராகவும் இருக்கிற கிளையண்டுக்குப் புது நம்பர் கொடுப்பதா? கொடுங்கள், ஆனால் அதில் அவர் இன்வாய்ஸ் அனுப்பினால் ‘பழைய நம்பருக்குப் போட்டுவிடுங்க மாமா, இதுல தேட முடியாது’ என்று ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். சலிக்காமல் சொல்ல வேண்டும், வேறு வழியில்லை.

பழைய நம்பரில் இருக்கிற வாட்ஸ்அப்பை பிசினஸ் ஆப்புக்கு மாற்றிக்கொள்ளலாம், பழைய பேச்செல்லாம் கூடவே வந்துவிடும். அலுவலக நேரம் முடிந்ததும் தானாகவே ஒரு பதில் போகிற மாதிரி அதில் வைக்கலாம். அந்தப் பதிலைத் தமிழிலும் மலையாளத்திலும் வையுங்கள். மலையாளத்தை உங்கள் கிளையண்ட் ஒருவரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள், கூகுளை நம்பாதீர்கள். ‘உங்கள் செய்தி கிடைத்தது. காலை பத்து மணிக்குப் பார்த்துப் பதில் சொல்கிறேன். நோட்டீஸ் என்றால் எல்லாப் பக்கமும் அனுப்பிவிடுங்கள்.’ இவ்வளவு போதும். ராத்திரி நோட்டீஸ் அனுப்புகிறவருக்கு அப்போதே பதில் வேண்டும் என்பதில்லை, தன் பயத்தை யாரிடமாவது இறக்கி வைக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தத் தானியங்கிப் பதில் பாதிப் பயத்தை வாங்கிக்கொள்ளும். ஆனால் நீங்களும் ஒரு காரியம் செய்ய வேண்டும்: ராத்திரி அந்த நம்பரில் யாருக்கும் பதில் எழுதாதீர்கள். ஒருவருக்கு பதினொன்றரைக்குப் பதில் எழுதினீர்கள் என்றால் மறுநாள் ஏலத்தில் ‘மேடம் ராத்திரி எந்நேரம்னாலும் பார்ப்பாங்க’ என்று விளம்பரம் ஆகிவிடும்.

ஒரே போனில் இரண்டு சிம், இரண்டு வாட்ஸ்அப் இப்போது வைக்கலாம். இருந்தாலும் முடிந்தால் ஒரு பழைய போனைத் தொழில் நம்பருக்கு ஒதுக்கி, சாயங்காலம் அலுவலக டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு வாருங்கள். எந்த ஆப்பும் அந்த டிராயருக்கு ஈடு இல்லை.

ஊர் சுற்றுகிற படங்களைப் போடலாமா? போடுங்கள். தேதியை மட்டும் பாருங்கள். மாதத்தில் ஜிஎஸ்டி ரிட்டர்ன்களுக்குக் கடைசி நாளான 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் நம்மைவிட கிளையண்டுக்கு அதிகமாக நினைவிருக்கும். 3பி ரிட்டர்ன் இன்னும் தாக்கல் ஆகவில்லையே, 20ஆம் தேதி தாண்டினால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம் ஓடுமே என்று பதறுகிறவர், 19ஆம் தேதி நீங்கள் அருவியில் நிற்பதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? அவர்தான் பில்லைப் பதினெட்டாம் தேதி வரை கொடுக்கவில்லை என்பது அப்போது அவருக்கு நினைவு வராது. உங்களுக்கு உரிமை இல்லை என்று சொல்லவில்லை. 19ஆம் தேதி எடுத்த படத்தை 23ஆம் தேதி போட்டால் அருவி வற்றிவிடாது.

புது காருக்கு மாலை போட்டவர் விஷயம் கொஞ்சம் நுட்பமானது. நாம் வரி அதிகாரி இல்லை, கிளையண்டின் படங்களைத் துருவுவது நம் வேலை இல்லை. ஆனால் பார்த்துவிட்டீர்கள். பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி நஷ்டக் கணக்கில் உங்கள் பெயரைப் போட முடியாது. அதே சமயம், ‘ஃபேஸ்புக்ல வண்டி பாத்தேன்’ என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். சொன்ன நிமிஷத்தில் நீங்கள் அவர் வீட்டை எட்டிப்பார்க்கிற ஆள் ஆகிவிடுவீர்கள், அவர் உங்களைத் தவிர்த்து மற்றவர்களுக்கு மட்டும் படம் போட ஆரம்பிப்பார். கேட்க வேண்டியதைக் காகிதத்திலிருந்து கேளுங்கள். வண்டி 10 லட்சத்துக்கு மேல் என்றால் ஷோரூம்காரர் 1 சதவீதம் டிசிஎஸ் (விற்கும்போதே பிடிக்கிற வரி) வாங்கிக் கட்டியிருப்பார், அது வாங்கினவருடைய வரி விவரப் பட்டியலான 26ஏஎஸ்-இல் வந்து நிற்கும். அதை எடுத்து மேசையில் வைத்து, ‘இப்படி ஒண்ணு காட்டுது, பணம் எங்கேயிருந்து வந்ததுன்னு எழுதி வச்சுக்கணும், நாளைக்கு அவங்க கேப்பாங்க’ என்று ஆரம்பியுங்கள். பாதி நேரம் பதில் நியாயமாகவே இருக்கும். கடனில் வாங்கியிருப்பார். அல்லது தோட்டத்து வருமானமாக இருக்கும், விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரி இல்லை, ஆனால் ரிட்டர்னில் காட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கும். வண்டி மச்சான் பெயரில் இருந்து, மாலை மட்டும் இவர் போட்டதாகவும் இருக்கலாம்! 26ஏஎஸ்-இல் எதுவும் இல்லை, வண்டி சின்னது என்றால், வருடா வருடம் எல்லோரிடமும் கேட்கிற கேள்வித்தாளில் ‘இந்த வருடம் வாங்கிய வண்டி, நகை, நிலம்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எல்லோரிடமும் கேட்கிற கேள்வியில் யாருக்கும் கோபம் வராது. அப்படியும் ஒருவர் மழுப்பினால் அந்தக் கணக்கை விட்டுவிடுங்கள்.

டிபியைப் பார்த்து எழுதுகிறவர். இதை நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள், எனக்கு அது சின்னதாகத் தெரியவில்லை. தினமும் காலையில் பூ படம் அனுப்புகிறவர் வேறு. அவர் எல்லோருக்கும் அனுப்புவார், பதில் வேண்டாம், மியூட் செய்துவிட்டு வேலையைப் பாருங்கள். உங்கள் சேலையைப் பற்றி, முகத்தைப் பற்றி எழுதுகிறவருக்கு ஒரே ஒரு முறை, சிரிப்புப் பொம்மை எதுவும் சேர்க்காமல் எழுதுங்கள்: ‘கணக்கு விஷயம் மட்டும் இந்த நம்பரில் பேசுங்கள்.’ நன்றி, தயவுசெய்து எதுவும் வேண்டாம். அந்த ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி வந்தால் கணக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பிளாக் செய்யுங்கள். எத்தனை பெரிய பார்ட்டியாக இருந்தாலும் சரி. யாரையும் பிளாக் செய்ய வேண்டாம் என்று மேலே சொன்னது இவருக்குப் பொருந்தாது. தொழில் நம்பரின் டிபியில் அலுவலகப் பலகையின் படத்தை வைத்துவிட்டால் இந்த வகை ஆட்களுக்குப் பேச்சுக்கு முகாந்திரம் குறையும். ஆனால் அதற்காக உங்கள் படத்தை எடுத்தாக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், தப்பு உங்கள் படத்தில் இல்லை. ஃபேஸ்புக்கில் அவரைப் போன்றவர்களை ‘ரெஸ்ட்ரிக்டட்’ பட்டியலில் போட்டால் நீங்கள் பொதுவில் வைக்கிறதை மட்டும்தான் பார்ப்பார்கள். அவர்களுக்குத் தகவல் எதுவும் போகாது. சங்கடமான சொந்தக்காரர்களுக்கும் இந்தப் பட்டியல் உதவும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் எழுதாத ஒன்று, ஆனால் நம் தொழிலில் எல்லோரும் செய்வது: ஃபீஸ் தராதவரை நினைத்து ‘காரியம் ஆனதும் மறந்துபோகும் உலகம்’ என்று ஸ்டேட்டஸ் வைப்பது. யாருக்காக வைத்தீர்களோ அவர் மட்டும் அது தனக்கு என்று நினைக்க மாட்டார். ஒழுங்காகக் கொடுத்த பத்துப் பேர் ‘மேடம் நம்மளைத்தான் சொல்றாங்களோ’ என்று முகம் சுளிப்பார்கள். பில்லைப் போட்டு, தேதி போட்டு, அவருக்கு மட்டும் அனுப்புங்கள்.

கடைசியாக உங்கள் அலுவலகத்தில் டேட்டா என்ட்ரிக்கு ஒரு பெண் இருப்பாள் என்று நினைக்கிறேன், எல்லோரிடமும் இருக்கிறார்கள். அவளுடைய சொந்த போனில் எத்தனை கிளையண்டுகளின் ஆதார், பான், பேங்க் ஸ்டேட்மென்ட் இருக்கிறது என்று என்றைக்காவது பார்த்தீர்களா? நீங்கள் பதில் சொல்லாத நேரத்தில் கிளையண்டுகள் அவளுக்குத்தான் அனுப்புகிறார்கள். அவளும் பாவம், மறுக்கத் தெரியாமல் வாங்கி வைத்துக்கொள்வாள், அவளுக்கும் ராத்திரி பதினொரு மணிக்கு மெசேஜ் வரும். நாளைக்குக் கல்யாணம் ஆகித் திருப்பூருக்கோ கட்டப்பனைக்கோ போனால் அத்தனையும் அந்த போனோடு போகும். தொழில் நம்பரை இணைத்த கம்ப்யூட்டரில் மட்டும் அவள் வேலை செய்யட்டும். அவள் நம்பர் எந்தக் கிளையண்டிடமும் இருக்கக் கூடாது என்பதை அவளிடம் விட்டுவிடாமல், கிளையண்டுகளுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே வந்து சேர்ந்ததை அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அலுவலகக் கம்ப்யூட்டருக்கு ஏற்றிவிட்டு, அவள் போனிலிருந்து அழித்துவிடுங்கள். அடுத்த 20ஆம் தேதி நெருக்கடி வருவதற்குள் முடிக்கக்கூடிய வேலைதான்.